எந்த ஆண்டு, சார்?

(காரைக்குடியில் நடந்த அறிவியல் ஆசிரியர்கள் பயிற்சியில், பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



துருவப் பனியைப் பற்றிப் பேசுவதற்குக் காரைக்குடியைப் போலப் பொருத்தமில்லாத ஊர் வேறு கிடைக்காது. மதியம் இரண்டு மணி. மின்விசிறி சுற்றுகிறது, காற்றுத்தான் வரவில்லை. பரவாயில்லை, இந்த வெயிலும் இன்று நமக்குப் பயன்படப் போகிறது. ஐஸ் கம்பெனியில் கட்டி ஐஸ் சொல்லியிருக்கிறோம். அது வந்து சேரும்வரை நான் பேசுவதாக ஏற்பாடு.

பயிற்சிகளில் வழக்கமாக நாம் நன்றாக நடத்திய பாடத்தைப் பற்றிச் சொல்வோம். நான் தப்பாக நடத்திய ஒரு பாடத்தைச் சொல்கிறேன்.

2012 செப்டம்பர். ஆர்க்டிக் கடலில் மிதக்கும் பனியின் பரப்பு சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டராகக் குறைந்தது. 1979 முதல் செயற்கைக்கோள் வழியாகத் தொடர்ந்து அளந்து வருகிறார்கள். அதுவரை அவ்வளவு குறைந்ததில்லை. 1980-களில் அதே செப்டம்பரில் சுமார் 70 லட்சம் இருந்தது. இந்தியாவின் பரப்பு ஏறக்குறைய 33 லட்சம். ஆக, இரண்டு இந்தியா அளவுக்கு இருந்த பனி ஓர் இந்தியா அளவுக்குச் சுருங்கிவிட்டது. இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகையில் இரண்டு இந்தியா வரைந்து, ஒன்றைத் துடைப்பானால் அழித்துக் காட்டினேன். பிள்ளைகள் அசந்துவிட்டார்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்தச் சமயத்தில் செய்திகளில் ஆண்டுக் கணக்குகள் அடிபட்டுக்கொண்டிருந்தன. கோடைப்பனி முழுவதும் மறையும் ஆண்டு 2013 என்று அமெரிக்க ஆய்வாளர் ஒருவர் 2007-இலேயே சொல்லியிருந்தார். பிரிட்டனைச் சேர்ந்த இன்னொருவர் 2015 அல்லது 2016 என்றார். நான் அதைப் பிடித்துக்கொண்டு, "2016-க்குள் ஆர்க்டிக்கில் கோடையில் பனியே இருக்காது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டேன்.

ஒருவன் உண்மையிலேயே எழுதி வைத்துக்கொண்டான்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, மின்விசிறிக்குக் கண்டன்சர் வாங்க ஒரு கடைக்குப் போனேன். கல்லாவில் அவன். எழுந்து நின்று, "வாங்க சார்" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, டீ வரவழைத்தான். பழைய கதையெல்லாம் பேசினோம். நடுவில் சிரித்துக்கொண்டே சொன்னான்: "சார், 2016-ல பனி இருக்காதுன்னு எழுதி வைக்கச் சொன்னீங்கள்ல? இன்னும் இருக்காமே. அதுக்கப்புறம் யாராவது காலநிலை மாற்றம்னு ஆரம்பிச்சா நான் சிரிச்சிட்டுப் போயிருவேன் சார்."

அவன் குத்திக்காட்டவில்லை. தனக்குத் தெரிந்த ஒரு உண்மையைச் சொன்னான், அவ்வளவுதான். அவனுடைய அப்பா சாக்கோட்டைப் பக்கம் கண்மாய்ப் பாசனத்தில் நெல் போடுகிறவர். மழை முன்னைப் போல இல்லை என்று அவர் சொன்னால் மகன் நம்புவதில்லை. 'கணினி மாதிரி எல்லாம் பொய்' என்று ஒரு வீடியோவையும் என்னிடம் காட்டினான். நான் கண்டன்சரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பதில் சொல்லவில்லை. எனக்கே பதில் தெரியாது.

அதற்கப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் நமக்குள்ளேயே ஒரு குழப்பம் உண்டு. கடல்பனி வேறு, பனிப்பாறை வேறு. கடல்பனி என்பது கடல்நீரே உறைவது. உப்பு இருப்பதால் சுழியத்தில் உறையாது, மைனஸ் 1.8 டிகிரி வரை இறங்க வேண்டும். உறையும்போது உப்பில் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிடும், கொஞ்சம் உப்புநீர் உள்ளே நுண்குழாய்களில் சிக்கிக்கொள்ளும். ஓரிரு மீட்டர், சில இடங்களில் அதற்கு மேலும் தடிமன். ஏற்கெனவே மிதந்துகொண்டிருப்பதால் இது உருகினால் கடல்மட்டம் நேரடியாக உயர்வதில்லை. கடல்மட்டத்தை உயர்த்துவது கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் நிலத்தின் மேல் கிடக்கும் பனி. தொடக்கப் பள்ளியிலேயே டம்ளரில் ஒரு ஐஸ் துண்டைப் போட்டு இதைக் காட்டிவிடலாம். மேல்நிலை வகுப்பு வரை இந்தக் குழப்பத்தோடு வருகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

கடல்மட்டம் உயராது என்றால் பிறகு எதற்குக் கவலை? கோயில் பிரகாரத்தில் உச்சிவெயிலில் நடந்தவர்களுக்குத் தெரியும். கருங்கல் தளத்தில் கால் வைக்க முடியாது. அதனால்தான் வெள்ளைப் பட்டை அடித்து விட்டிருக்கிறார்கள். நாம் எல்லோரும் அந்தப் பட்டை மேலேயே ஓடுவோம். பனி மூடிய கடல் அந்த வெள்ளைப் பட்டை. மேலே புதுப்பனி படிந்த கடல்பனி, விழுகிற சூரிய ஒளியில் 80 விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். பனி விலகிய கருங்கடல் 90 விழுக்காட்டுக்கு மேல் உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சிய வெப்பம் பக்கத்துப் பனியை உருக்கும்; இன்னும் கொஞ்சம் கருங்கடல் வெளிப்படும். ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு போகும் சங்கிலி இது.

இதைக் கணினிக்குள் கொண்டுவருவதில்தான் சிக்கல் இருக்கிறது.

மாதிரி என்றதும் நம் பிள்ளைகளுக்கு அறிவியல் கண்காட்சியில் தெர்மாகோலில் செய்து வைக்கிற எரிமலைதான் நினைவுக்கு வரும். காலநிலை மாதிரி அப்படிப்பட்டதில்லை, அது ஒரு பெரிய கணக்கு. உலகத்தைக் கட்டங்களாகப் பிரித்து, காற்று, நீர், வெப்பம் ஆகியவை ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு எப்படிப் போகும் என்று நாம் நடத்துகிற அதே இயற்பியல் விதிகளை வைத்துக் கணக்கிடுவார்கள். கொஞ்ச நேரம் நகர்த்தி மறுபடியும் கணக்கு. இப்படியே நூறு ஆண்டுகளுக்கு.

ஒரு கட்டம் எவ்வளவு பெரியது தெரியுமா? பல மாதிரிகளில் பக்கத்துக்குச் சுமார் 100 கிலோமீட்டர். காரைக்குடியை நடுவில் வைத்து அப்படி ஒரு கட்டம் போட்டுப் பாருங்கள். வடக்கே புதுக்கோட்டை, தென்மேற்கே சிவகங்கை, தென்கிழக்கே தொண்டிக் கடற்கரை எல்லாம் அந்த ஒரே கட்டத்துக்குள் வந்துவிடும். செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புச் சுவரும், முற்றத்துக் கல்லும், தார்ச்சாலையும், கண்மாயும், தைலமரக் காடும், கடலும் சேர்த்து ஒரே ஒரு சராசரி எண். நம் பள்ளிக்கூடம் அதில் ஒரு புள்ளி கூட இல்லை.

ஆர்க்டிக்கிலும் அதே கதைதான். கோடையில் பனியின் மேல் உருகிய நீர் சின்னச் சின்னக் குட்டைகளாகத் தேங்கும். குட்டை நீலமாக, கருமையாக இருப்பதால் ஒளியை அதிகம் உறிஞ்சும். பழைய, மேடுபள்ளமான பனியில் நீர் பள்ளங்களுக்குள் அடங்கிவிடும். ஓராண்டு வயதுள்ள தட்டையான பனியில் பரந்து விரிந்து நிற்கும். ஒரு குட்டை சில மீட்டர் அகலம்தான், ஆனால் கட்டமோ 100 கிலோமீட்டர். குட்டைகளை ஒவ்வொன்றாகக் கணக்கிட முடியாது. 'இந்த வெப்பநிலையில், இந்தத் தடிமனில், பரப்பில் இத்தனை பங்கு குட்டை' என்று ஒரு தோராய விதி எழுத வேண்டும். பழைய மாதிரிகளில் பல அதைக் கூடச் செய்யவில்லை. பனியின் வெண்மைக்கு ஒரு எண்ணைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டன.

பனி ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. காற்று தள்ளும், நீரோட்டம் இழுக்கும்; ஓரிடத்தில் பிளந்து கருங்கடல் தெரியும், இன்னோரிடத்தில் பாளங்கள் மோதி ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். திடப்பொருளாகவும் நடந்துகொள்ளாது, திரவமாகவும் நடந்துகொள்ளாது. 1979-இல் வில்லியம் ஹிப்ளர் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதற்கு ஒரு கணித விதி கொடுத்தார். இன்றும் பெரும்பாலான மாதிரிகள் அந்த விதியை, அல்லது அதிலிருந்து கிளைத்ததை வைத்துத்தான் ஓடுகின்றன.

இவற்றை எல்லாம் விட எனக்கு நன்றாகப் புரிந்தது தடிமன் சிக்கல். நம் ஊர் ஊருணியை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பக்கத்து ஊரில் இரண்டு ஊருணி, நீர்ப்பரப்பு இரண்டிலும் ஒன்றுதான். வானத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஒன்றில் பத்துப் படி ஆழம், இன்னொன்றில் மூன்று படி. சித்திரையில் எது முதலில் வற்றும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆர்க்டிக்கில் பரப்பைச் செயற்கைக்கோள் தினமும் அளந்துவிடுகிறது. ஆழம் பார்க்கப் படி இல்லை. பனிப்போர்க் காலத்தில் நீர்மூழ்கிக் கப்பல்கள் பனிக்கு அடியில் போய்வந்தபோது எடுத்த சோனார் அளவுகள் கொஞ்சம் உண்டு. 2010-இல் ஐரோப்பா ஏவிய கிரையோசாட்-2, நீருக்கு மேல் பனி எத்தனை சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று ரேடாரால் அளந்து, அதிலிருந்து மொத்தத் தடிமனைக் கணக்கிடுகிறது. கோடையில் குட்டைகள் வந்துவிட்டால் அந்த ரேடாருக்கும் குழப்பம். ஆகவே இரண்டு மாதிரிகள் இன்றைய பரப்பைச் சரியாகவே காட்டலாம். ஒன்றில் பனி தடிமனாகவும் மற்றதில் மெலிதாகவும் இருந்தால், முப்பது ஆண்டு கழித்து இரண்டும் இரண்டு உலகம்.

மெலிந்த பனிக்கு ஒரு குணம் உண்டு. குளிர்காலத்தில் அது வேகமாக வளரும். தடித்த பனி கம்பளி மாதிரி, கீழே இருக்கும் கடலின் வெப்பத்தை வெளியே விடாது. மெலிந்த பனி வழியே வெப்பம் சீக்கிரம் வெளியேறுவதால் அடியில் புதுப்பனி கூடும். ஆக, கோடையில் இழப்பை வளர்க்கிற ஒரு சங்கிலி. குளிர்காலத்தில் அதைக் கொஞ்சம் ஈடுகட்டுகிற இன்னொரு சங்கிலி. 2012-இல் 34 லட்சமாக இருந்த பனி, 2013-இல் 50 லட்சத்துக்குத் திரும்பியது. என்னுடைய 2016 கணக்கு எங்கே போயிற்று என்று இங்கே புரிந்தது. அந்த ஆண்டுகளைச் சொன்னவர்கள் சரிகிற கோட்டை அப்படியே ஸ்கேல் வைத்து நீட்டினார்கள். இயற்கை ஸ்கேல் வைத்துக் கோடு போடுவதில்லை. அந்த ஆண்டுகளைப் பெரும்பாலான காலநிலை மாதிரிகள் சொல்லவும் இல்லை. நான் மாதிரிகளின் பெயரில், மாதிரிகள் சொல்லாததைச் சொல்லியிருக்கிறேன்.

அப்படியென்றால் மாதிரிகள் சரியா? அதுவும் இல்லை. 2007-இல் வெளியான ஓர் ஒப்பீட்டில், உண்மையான இழப்பு மாதிரிகளின் சராசரியை விட வேகமாக நடந்திருந்தது. மாதிரிகள் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தன, பனி முந்திவிட்டது. இணையத்தில் 'மாதிரிகள் மிகைப்படுத்துகின்றன' என்று சொல்கிறவர்கள் இந்தப் பக்கத்தைச் சொல்வதே இல்லை.

இப்போது விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கு ஒரு செய்தி. சில மாணவர்கள் கணக்குப் புத்தகத்தின் பின்னால் இருக்கிற விடையைப் பார்த்துவிட்டு, அதில் போய் முடிகிற மாதிரி வழிமுறை எழுதுவார்களே, நாமும் அவசரத்தில் முழு மதிப்பெண் போட்டுவிடுவோமே, அது இந்தத் துறையிலும் உண்டு. பனியின் வெண்மை போன்ற எண்களை, கிடைத்த அளவீடுகளோடு பொருந்தும்வரை மாதிரி எழுதுகிறவர்கள் திருகி வைப்பார்கள். ஒளிக்காமல் அவர்களே எழுதியும் வைக்கிறார்கள். 2017-இல் வந்த ஓர் ஆய்வு கொஞ்சம் கடுமையானது. ஆர்க்டிக் பனி இழப்பைச் சரியாகக் காட்டிய கணக்கோட்டங்களை எடுத்துப் பார்த்தால், அவற்றில் உலகச் சராசரி வெப்பநிலை உண்மையில் உயர்ந்ததை விட அதிகமாக உயர்ந்திருந்தது. விடை சரி, வழிமுறை தப்பு. அந்த வரியைப் படித்தபோது எனக்கு அந்தத் துறை மேல் மரியாதை கூடியது. தங்கள் விடைத்தாளைத் தாங்களே சிவப்பு மையில் திருத்துகிறவர்கள் எத்தனை பேர்?

கடைசியாக ஒன்று, என் தப்புக்கு நேரடியான பதில். அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள தேசிய வளிமண்டல ஆய்வு மையத்தில் ஒரே மாதிரியை, ஒரே அளவு கார்பன் டை ஆக்சைடை வைத்து, 40 முறை ஓட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் காற்றின் வெப்பநிலையை மட்டும் துளி மாற்றினார்கள். துளி என்றால் ஒரு டிகிரியில் நூறு லட்சம் கோடியில் ஒரு பங்கு. கணினியில் எண்ணைக் கடைசி இலக்கத்தில் முழுமைப்படுத்தும்போது வருகிற வேறுபாடு, அவ்வளவே. சில வாரங்களில் வானிலை வெவ்வேறாகப் பிரிந்துவிட்டது. 40 உலகங்களிலும் பனி குறைந்தது. ஒன்றில் கூடத் தப்பவில்லை. ஆனால் பனியில்லாத முதல் செப்டம்பர் எந்த ஆண்டில் வருகிறது என்று பார்த்தால், ஒன்றுக்கொன்று சுமார் இருபது ஆண்டு வரை முன்பின். மாதிரியில் பிழையே இல்லாவிட்டாலும், நாம் விடும் புகையின் அளவு துல்லியமாகத் தெரிந்தாலும், அந்த இருபது ஆண்டு இடைவெளி இருந்தே தீரும். ஆண்டைச் சொல்லுங்கள் என்று கேட்பதே அந்தக் கணக்குக்குப் பொருந்தாத கேள்வி. அதை நான் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன்.

மறுபடியும் கடைக்குப் போனேன். இந்த முறை எதுவும் வாங்க இல்லை. "தம்பி, அன்னைக்கு நான் சொன்னது தப்பு" என்று ஆரம்பித்தேன். அவனுக்குச் சங்கடமாகிவிட்டது. "விடுங்க சார், நான் சும்மா சொன்னேன்" என்றான். விடவில்லை. பழைய அட்டைப் பெட்டியைக் கிழித்து அதில் வரைபடம் போட்டேன். 2012-இன் குறைந்தபட்சத்தை இதுவரை எந்த ஆண்டும் முறியடிக்கவில்லை, அது நீ சொல்வது சரி. ஆனால் 2007-இலிருந்து வந்த ஒவ்வொரு ஆண்டின் செப்டம்பரையும் எடுத்துக்கொள். அதற்கு முன் செயற்கைக்கோள் அளந்த எந்த ஆண்டை விடவும் அது குறைவுதான். ஒரு ஆண்டு கூட விதிவிலக்கு இல்லை. ஏறி இறங்குகிறது, ஏறுகிறபோது கூடப் பழைய இடத்துக்குப் போவதில்லை.

இன்னொரு கணக்கையும் சொன்னேன். 2016-இல் வெளிவந்தது. காற்றில் ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்தால் செப்டம்பர்ப் பனியில் சுமார் 3 சதுர மீட்டர் குறைகிறது. இதை மாதிரிகளிலிருந்து எடுக்கவில்லை, அளவீடுகளிலிருந்து எடுத்தார்கள். மாதிரிகளில் பெரும்பாலானவை இதைக் குறைவாகவே காட்டின. சராசரி இந்தியர் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 டன். ஆக 6 சதுர மீட்டர். அவன் கடையைச் சுற்றிப் பார்த்தான். கடையே அவ்வளவுதான் இருக்கும்.

"அப்ப எந்த ஆண்டு, சார்?" என்றான்.

"பனிப்பரப்பு 10 லட்சம் சதுர கிலோமீட்டருக்குக் கீழே போனால் பனியில்லை என்று வைத்துக்கொள்வார்கள். 2050-க்கு முன்னால் ஒரு செப்டம்பரிலாவது அது நடக்க வாய்ப்பு அதிகம் என்று 2021-இல் ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழு சொல்லியிருக்கிறது. எந்த ஆண்டு என்று சொல்ல முடியாது" என்றேன்.

"அப்ப உங்களுக்கும் தெரியாது."

"இவ்வளவு தெரியும். இதற்கு மேல் தெரியாது."

நம்பினானா என்று தெரியவில்லை. ஆனால் அடுத்த வாரம் அவனே போன் செய்தான். "சார், வடக்கே குறையுது சரி. தெற்கே அண்டார்டிகாவுல பனி கூடிச்சாமே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

நல்ல கேள்வி. எல்லா மாதிரிகளும் சங்கடப்படுகிற இடம் அது. 1979-இலிருந்து 2014 வரை அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள கடல்பனி மெதுவாகக் கூடிக்கொண்டுதான் இருந்தது. 2014 செப்டம்பரில் அளவீட்டு வரலாற்றில் முதன்முறையாக 2 கோடி சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. அதே காலத்தில் பெரும்பாலான மாதிரிகள் குறையும் என்று காட்டிக்கொண்டிருந்தன. பிறகு 2016-இல் திடீரென்று சரிந்தது. 2023 பிப்ரவரியில் சுமார் 18 லட்சம். அதுவரை அளந்ததிலேயே மிகக் குறைவு. அந்த ஆண்டு குளிர்காலத்தில் கூட 170 லட்சத்தை எட்டவில்லை. முந்தைய மிகக் குறைந்த குளிர்கால அளவை விடச் சுமார் 10 லட்சம் கீழே. கூடியதையும் மாதிரிகள் பிடிக்கவில்லை, அப்படிச் சரிந்ததையும் பிடிக்கவில்லை.

ஏன்? ஆர்க்டிக் நிலத்தால் சூழப்பட்ட கடல். அண்டார்டிகா கடலால் சூழப்பட்ட நிலம். அங்கே பனி நாலா பக்கமும் விரிந்து போகலாம். காற்றும் ஆழ்கடலும்தான் அதை ஆட்டி வைக்கின்றன. ஆழத்தில் இருக்கும் வெதுவெதுப்பான நீர் மேலே வருவதும் வராததும் சின்னச் சின்னச் சுழல்களைப் பொறுத்தது. அந்தச் சுழல்கள் 100 கிலோமீட்டர்க் கட்டத்துக்குள் தொலைந்து போகின்றன. நிலத்துப் பனி உருகிக் கடலில் கலக்கிற நன்னீரைப் பல மாதிரிகள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. 2016-க்குப் பின் நடப்பது தற்காலிகச் சரிவா, கடலே வேறு நிலைக்கு மாறிவிட்டதா என்று ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. தெற்கைப் பற்றிய கணிப்புகளில் தங்களுக்கு நம்பகத்தன்மை குறைவு என்று அந்த ஐ.நா. குழுவே அறிக்கையில் எழுதியிருக்கிறது. இதை அப்படியே அவனிடம் சொன்னேன். வடக்குக் கணக்கை விட இந்தப் பதில்தான் அவனுக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் வெளிநாட்டார் விவகாரம் என்று பிள்ளைகள் நினைக்க வேண்டாம். 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து கிளம்பிய முதல் இந்தியக் குழு 1982 ஜனவரியில் அண்டார்டிகாவில் இறங்கியது. இப்போது அங்கே மைத்ரி, பாரதி என்று இரண்டு நிலையங்கள் இயங்குகின்றன. ஆர்க்டிக்கில் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் 2008-இலிருந்து ஹிமாத்ரி நிலையம் இருக்கிறது. அதன் அருகே கோங்ஸ்ஃபியோர்டன் என்ற கடற்கழியில், 2014 ஜூலையில், 192 மீட்டர் ஆழத்தில் ஒரு அளவீட்டு நிலையத்தை நங்கூரமிட்டு இறக்கினார்கள். பெயர் இன்ட்ஆர்க். அதை வடிவமைத்தது நம் சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம். ஆள் போக முடியாத குளிர்கால இருட்டிலும் நீரின் வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அது பதிவு செய்யும். மாதிரி தப்பா சரியா என்று திருத்த விடைக்குறிப்பு வேண்டுமே, அது இந்த மாதிரிக் கருவிகளிலிருந்துதான் வருகிறது. ஜெர்மனியின் போலார்ஷ்டெர்ன் கப்பல் 2019 அக்டோபரில் வேண்டுமென்றே பனிப்பாளத்தோடு உறைந்துகொண்டு, ஓராண்டுக் காலம் ஆர்க்டிக்கில் மிதந்ததும் அதற்காகத்தான்.

புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் நமக்கென்று ஒரு புவி மாதிரியை உருவாக்கி, உலக ஒப்பீட்டில் சேர்த்திருக்கிறது. பருவமழைக்காக எழுதப்பட்டது, ஆனாலும் அதற்குள் கடல்பனிக்கு ஒரு பகுதி இருக்கிறது. பருவமழைக்கு எதற்குக் கடல்பனி? ஆர்க்டிக்கின் காரா கடலில் கோடைப்பனி குறைவதற்கும், செப்டம்பரில் நடு இந்தியாவிலும் மேற்கிலும் கொட்டித் தீர்க்கும் மழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று கோவாவில் உள்ள தேசியத் துருவ ஆய்வு மையத்தினர் உள்ளிட்டோர் 2021-இல் எழுதினார்கள். இருக்கலாம் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். நானும் அந்தச் சொல்லோடுதான் வகுப்பில் சொல்கிறேன். பத்தாண்டுகளுக்கு முன்பு என்றால் 'லாம்' என்பதை விட்டுவிட்டுச் சொல்லியிருப்பேன்.

இனி சோதனை. ஆறு குழு, ஆறு அலுமினியத் தட்டு. மூன்றுக்கு உட்புறம் கறுப்புப் பெயிண்ட், மூன்றுக்குச் சுண்ணாம்பு. ஒரே எடையில் ஐஸ் துண்டு, ஒரே வெயில். ஐஸ் வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு குழுவும், எத்தனை நிமிடத்தில் முழுக்கக் கரையும் என்று ஒரு எண்ணைத் தாளில் எழுதி மடித்து என்னிடம் கொடுத்துவிட வேண்டும். நான்காம் வகுப்புப் பிள்ளைகளை வைத்தும் செய்யலாம். எங்கள் பள்ளியில் செய்தோம். கறுப்புத் தட்டு முந்தும் என்பதை எல்லோரும் சரியாகச் சொல்லிவிட்டார்கள். நிமிடத்தை ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை. அதை விட, மூன்று கறுப்புத் தட்டுகளும் ஒரே நேரத்தில் கரையவில்லை. ஏன் என்று கேட்டேன். காற்று என்றாள் ஒருத்தி. துண்டு உடைந்துவிட்டது என்றான் ஒருவன். இவன் கை வைத்துத் தொட்டான் சார் என்று ஒரு புகாரும் வந்தது. மூன்றையும் கரும்பலகையில் எழுதினேன். அடுத்த முறை தட்டு எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும் என்று ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி சொன்னாள். நாற்பது தட்டு வாங்கப் பள்ளியில் காசில்லை. ஆனால் அவள் கேட்டது அந்தக் கொலராடோக்காரர்கள் செய்த அதே வேலையை.

வாசலில் டிரை சைக்கிள் சத்தம் கேட்கிறது. ஐஸ் வந்துவிட்டது போலிருக்கிறது. சாக்கைச் சுற்றித்தான் கொண்டு வந்திருப்பார்கள், ஆனாலும் இந்த வெயிலுக்கு நிற்காது. தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு எல்லோரும் முற்றத்துக்கு வாருங்கள். எண்ணை எழுதிக் கொடுத்தவர்கள் மட்டும் தட்டுக்குப் பக்கத்தில் நிற்கலாம்.